பரீட்சைக்கு வராத நான்கு பாட்டுகள்

ஜூன் 11

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அத்தானுக்கு ரத்த அழுத்தம் மாத்திரையில் அடங்கியிருக்கிறது. எனக்குத்தான் இன்று காலையிலிருந்து எகிறிக்கொண்டிருக்கிறது. உன் முதுகுவலி எப்படி? அந்த ஓட்டை நாற்காலியை மாற்றச் சொன்னேனே, மாற்றினாயா? பெரியவள் விடுதியிலிருந்து சனி ஞாயிறுகளில் உன் வீட்டுக்கு ஒழுங்காக வருகிறாளா? கல்லூரியில் சேர்ந்த ஜோரில் பெற்றவளை மறந்துவிட்டாள் என்று நான் சொன்னதாகச் சொல்.

நலம் விசாரித்தாயிற்று. இனி விஷயம்.

போனில் கேட்காமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் நீ "ம்" கொட்டியே தப்பித்துவிடுவாய். தாளில் "ம்" கொட்ட முடியாது. அதனால் நீயும் தாளில்தான் பதில் எழுத வேண்டும். போன் செய்தால் எடுக்க மாட்டேன்.

இன்று பள்ளி திறந்தது. பன்னிரண்டாம் வகுப்புக்குப் புதிய பாடப் புத்தகம் கட்டுக்கட்டாக வந்து இறங்கியது. உன் அலுவலகம் தயாரித்த புத்தகம். அட்டையெல்லாம் வழவழவென்று நன்றாகத்தான் இருக்கிறது. வழக்கம்போல நான் முதலில் பழம்பாடல் பகுதியைத் திருப்பினேன். இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. தேடிப் பார்த்தால் கடைசியில், அருஞ்சொல் அகராதிக்கும் பின்னால், நான்கு பாட்டும் ஒண்டிக்கொண்டு கிடக்கின்றன. மேலே ஒரு தலைப்பு: "வாசித்து மகிழ". கீழே பொடி எழுத்தில்: "இப்பகுதியிலிருந்து தேர்வில் வினாக்கள் கேட்கப்படமாட்டா."

மகிழவாம்! மூன்றாவது பாட்டு உனக்கு ஞாபகம் இருக்கும். போருக்குப் போன ஒரு மன்னனின் படை, ஒருத்தியின் கிணற்றை மண்ணள்ளிப் போட்டு மூடிவிட்டுப் போகிறது. அந்த மன்னனின் வெற்றியைப் புகழ்ந்து பாடிக்கொண்டு வருகிற பாடகனை அவள் வழிமறித்து, "உனக்குத் தாகம் எடுத்தால் அவன் புகழைக் குடி" என்று சொல்லிவிடுகிறாள். அந்தப் பாட்டைப் படித்துவிட்டு மகிழ வேண்டுமாம். எவனோ ஒருவன் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து இப்படி எழுதியிருக்கிறான். எத்தனை தலைமுறை வாய்வழியாகவும் ஏட்டுவழியாகவும் பிழைத்து வந்த பாட்டை, ஒரு பொடி எழுத்து வரியில் பிணவறைக்கு அனுப்பிவிட்டான்.

பரீட்சையில் இல்லாத பாடம் பள்ளியில் என்ன கதியாகும் என்று உனக்குத் தெரியாதா? யார் செய்த வேலை இது? நீ அங்கேதானே இருக்கிறாய். ஆள் பெயர் வேண்டும் எனக்கு.

உன் மனைவிக்கும் உன் மகள் சின்னவளுக்கும் என் அன்பு. கோபத்திலும் உன் உடம்பை நினைக்கிற,
அக்கா

ஜூன் 29

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நாங்கள் சுகம். நாற்காலி மாற்றிவிட்டேன், வலி மாறவில்லை. பெரியவள் வாராவாரம் வருகிறாள். சின்னவளும் அவளும் சேர்ந்துவிட்டால் வீட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் பேச இடமில்லை. அத்தானை உப்பைக் குறைக்கச் சொல்லவும்.

நீ கேட்டது குழுவின் முடிவு. பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து பேசி எடுப்பது. இதில் ஆள் பெயர் என்று தனியாக எதுவும் கிடையாது. பாட்டுகள் புத்தகத்தில்தானே இருக்கின்றன? பரீட்சைப் பயம் இல்லாமல் பிள்ளைகள் படிக்கட்டுமே என்று ஓர் எண்ணமும் இருந்திருக்கலாம் அல்லவா? பதற்றம் வேண்டாம்.

ஒரு வேண்டுகோள். ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச எழுந்துவிடாதே. உன் வாய் எனக்குத் தெரியும். கொஞ்ச நாள் பொறு.

மழை பிடித்துக்கொண்டதா அங்கே? முழங்காலைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
தம்பி

ஜூலை 14

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தான். முழங்கால் வலிக்கிறது, வலிக்கட்டும். அங்கே அனைவரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

"இருந்திருக்கலாம் அல்லவா" என்று எழுதியிருக்கிறாய். இதுவும் "ம்" தான். கொஞ்சம் நீளமான "ம்".

உன் பதற்றமில்லாத திட்டம் இங்கே எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன், கேள். எங்கள் தலைமை ஆசிரியைக்கு ஸ்டாஃப் ரூமில் "சுற்றறிக்கை" என்று பெயர். எதைக் கேட்டாலும் ஏதாவது ஒரு சுற்றறிக்கையைக் காட்டுவார். என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சர், புதன்கிழமை மூணாவது பீரியட் பழம்பாடலுக்குன்னு வச்சிருந்தோம்ல, அதைக் கணக்குக்குக் குடுத்துடுங்க. போன வருஷம் கணக்குல ரெண்டு பேர் பெயிலாப் போயிட்டாங்க."

"அப்ப பாட்டை எப்ப நடத்துறது மேடம்?"

"அதான் வாசித்து மகிழன்னு போட்டிருக்காங்களே. வீட்டுல வாசிச்சு மகிழ்ந்துக்கட்டும்."

பக்கத்தில் கணக்கு வாத்தியார் நெளிந்துகொண்டு நின்றார். நல்ல மனுஷர்தான். "நான் உங்க பாட்டுக்கு எதிரி இல்ல டீச்சர். எனக்குப் பாடம் முடியல, அவ்வளவுதான்" என்றார். அவரைத் திட்ட முடியவில்லை. அதனால் கோபம் இன்னும் அதிகமாயிற்று.

சங்கக் கூட்டத்தில் எழுந்தேன். நீ வேண்டாம் என்றாய், அதனாலேயே எழுந்தேன். அந்தத் தலைப்பை எழுதியவனுக்கு "மகிழ்ச்சிக்காரன்" என்று பெயர் வைத்தேன். சபை சிரித்தது. மகிழ்ச்சிக்காரனுக்குத் தைரியம் இருந்திருந்தால் நேரடியாக நீக்கியிருப்பான், கழுத்தை நெரிக்கவும் துணிவில்லாமல் பட்டினி போட்டுக் கொல்கிறான் என்றேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

குழு என்று சொல்லி என் காதில் பூச்சுற்றாதே. பத்துப் பேர் சேர்ந்து ஒரு தலைப்பு எழுத முடியாது. ஒருவன்தான் எழுதியிருப்பான். யாருடா அந்த மகிழ்ச்சிக்காரன்?

சின்னவளுக்குப் புதுப் பள்ளி பிடித்திருக்கிறதா? எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
அக்கா

ஆகஸ்ட் 19

அக்காவுக்கு,

எல்லோரும் நலம். நீயும் அத்தானும் நலமா?

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இப்போது கிழிக்கப் போவதில்லை.

மகிழ்ச்சிக்காரன் நான்தான். தலைப்பு என்னுடையது. பொடி எழுத்து வரி என்னுடையது. பகுதியைக் கடைசிக்கு நகர்த்தச் சொன்ன குறிப்பும் என்னுடையது. சபையில் நீ திட்டியது உன் தம்பியைத்தான். கைதட்டல் வாங்கினாய் அல்லவா, சந்தோஷம்.

இப்போது நான் கேட்கிறேன், நீ பதில் சொல். இந்தப் பாட்டுகள் பரீட்சையில் இருந்தபோது என்ன வாழ்ந்தன? வினாத்தாளில் "ஏதேனும் ஐந்தனுக்கு விடை தருக" என்று ஏழு கேள்விகள். அதில் கடைசி இரண்டு பழம்பாடல். விடைத்தாள் திருத்தும் மையத்தில் போன ஏப்ரல் முழுக்க நான் உட்கார்ந்திருந்தேன். கட்டுக்கட்டாகத் தாள் புரட்டினேன். அந்த இரண்டையும் தொட்ட பிள்ளைகளைத் தேடிப்பிடிக்க வேண்டியிருந்தது. ஏன் தெரியுமா? "கடைசி ரெண்டையும் சாய்ஸ்ல விட்டுடு" என்று ஆசிரியர்களே சொல்லிக்கொடுக்கிறார்கள். பாட்டைப் பற்றி எழுதினால் பிழை வரும், மார்க் போகும், பள்ளியின் தேர்ச்சி குறையும்.

எந்த ஆசிரியர் என்று கேட்பாய். ஆள் பெயர் வேண்டும் உனக்கு. போன மாதம் உன் பெரியவள் என் வீட்டுக் கூடத்தில் படுத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே சொன்னாள்: "மாமா, பழம்பாட்டா? அதை யாரு படிச்சா? அம்மாதான் எங்க வகுப்புக்கே சாய்ஸ்ல விடச் சொல்லிட்டாங்களே. தமிழ்ல எங்க ஸ்கூல் அப்படித்தான் நூத்துக்கு நூறு."

அந்த நூற்றுக்கு நூறுக்கு உனக்குக் கேடயம் கொடுத்தார்கள். வரவேற்பறையில் டி.வி.க்கு மேல் வைத்திருக்கிறாய். நானும் வந்து பார்த்துப் பாராட்டிவிட்டுத்தான் போனேன்.

பட்டினி போட்டது யார் அக்கா?

தம்பி

அக்டோபர் 3

தம்பிக்கு,

நலம். அத்தான் நலம். உப்பைக் குறைத்தாயிற்று. மழை விட்டுவிட்டது. முழங்காலுக்குப் புதுத் தைலம் வாங்கினேன், பரவாயில்லை. காலாண்டுத் தேர்வு முடிந்தது. வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போகிறோம். உன் மனைவியும் சின்னவளும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
அக்கா

அக்டோபர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வாசித்தேன். மகிழவில்லை.

நாங்கள் நலம். பெரியவளும் நலம், அவளைப் பற்றி நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளிடம் ஒன்றும் கேட்டுவிடாதே. மாமாவிடம் பேச்சுவாக்கில் சொன்ன குழந்தை அது. கோபத்தை என்மேலேயே வைத்துக்கொள், பழகிவிட்டது.

நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. இப்போது சொல்கிறேன். மன்னிப்புக் கேட்பதற்காகச் சொல்லவில்லை. ஆகஸ்டில் எழுதியதில் ஒரு வரியைக்கூட நான் திரும்ப எடுக்கப் போவதில்லை.

எங்கள் குழுத் தலைவர் பெரிய நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லிவிட்டு வந்தவர். முதல் கூட்டத்திலேயே பழம்பாடல் பகுதியைச் சிவப்புப் பேனாவால் குறுக்கே அடித்தார். "வேலைக்குப் போற இடத்துல இந்த வார்த்தையெல்லாம் எவன் பேசுறான்? பிள்ளைங்க தலையில எதுக்குங்க பாரம்?" என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். இலக்கியம் படித்தவன் நான் ஒருத்தன்தான், அதுவும் கடைநிலை. எதிர்த்துப் பேசியிருந்தால் பாட்டும் போயிருக்கும், நானும் போயிருப்பேன். அதனால், "பரீட்சையில வேணாம் சார், சும்மா கடைசியில வாசிக்கிறதுக்குன்னு போட்டுடலாம், ரெண்டு பக்கம்தானே" என்றேன். சரி என்றுவிட்டார். என்னால் காப்பாற்ற முடிந்தது பக்கம் மட்டும்தான்.

இன்னொன்று. போன வாரம் தலைமை ஆசிரியர்கள் கூட்டம் இங்கே நடந்தது. "வாசித்து மகிழ" எப்படிப் போகிறது என்று தலைவர் கேட்டார். உங்கள் சுற்றறிக்கை எழுந்து மைக்கைப் பிடித்தார். "எங்க பள்ளியில வாரம் ஒரு பீரியட் ஒதுக்கி நடத்துறோம் சார். பிள்ளைங்க ரொம்ப ஆர்வமா இருக்காங்க" என்றார். சபை கைதட்டியது. அந்தப் பீரியட் கணக்கு வாத்தியாரிடம் இருப்பது ஜூலையிலிருந்து எனக்குத் தெரியும். நான் எழுந்து சொன்னேன்: "ரொம்ப சந்தோஷம் மேடம். குழுவோட ஒரு நாள் வந்து பார்க்கிறோம்." அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும் நீ.

டிசம்பரில் வருவதாகத் திட்டம். இனி உன் பாடு.

அத்தானுக்கு வணக்கம்.

மகிழ்ச்சிக்காரன்

நவம்பர் 9

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம். பெரியவள் போன வாரம் வந்து போனாள். நான் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. பெட்டி நிறையத் துணி துவைக்கப் போட்டுவிட்டுத் தூங்கினாள்.

சுற்றறிக்கை என்னைத் தேடி ஸ்டாஃப் ரூமுக்கே வந்தார். இருபத்தாறு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "டீச்சர், ஒரே ஒரு வகுப்பு. நல்லாப் பேசுற பிள்ளைங்களா அஞ்சாறு பேரை முன்னால உட்கார வச்சிடலாம். பதிலை முன்னாடியே குடுத்து நெட்டுருப் போட வச்சிட்டா..." என்றார்.

"நாடகத்துக்கு வேற ஆள் பாருங்க மேடம்."

"பள்ளி மானம் டீச்சர்."

"மைக்குல சொன்னது நீங்க. வாரா வாரம் பீரியடைக் குடுங்க, நடத்துறேன். இல்லன்னா வர்றவங்ககிட்ட நானே உண்மையைச் சொல்லுவேன். வர்றதுல ஒருத்தன் என் தம்பி."

அவருக்குக் காட்ட ஒரு சுற்றறிக்கையும் கிடைக்கவில்லை. புதன் மூன்றாவது பீரியட் என் கைக்கு வந்தது. கணக்கு வாத்தியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.

முதல் புதன் மண்ணைக் கவ்வினேன். புத்தகத்தைத் திறந்ததும் ஒருத்தி, "இது பரீட்சைக்கு வருமா டீச்சர்?" என்றாள். வராது என்றேன். வகுப்பு முழுக்கப் பேனா மூடுகிற சத்தம் கேட்டது. நான் பதம் பிரித்துப் பொருள் சொல்லிக்கொண்டிருக்கிறேன், மேசைக்குக் கீழே இயற்பியல் நோட்டு எழுதுகிறார்கள். இரண்டு நோட்டைப் பிடுங்கி வீசினேன். தொண்டை வறண்டதுதான் மிச்சம். உன்னையும் என்னையும் சேர்த்துத் திட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இரண்டாவது புதன் புத்தகத்தை எடுத்துப் போகவில்லை. கிணறு மூடப்பட்டவளின் கதையைச் சொன்னேன், பாட்டை ஒரு முறை வாயால் சொன்னேன், உட்கார்ந்துவிட்டேன். என்ன செய்வதென்று தெரியாமல்தான் உட்கார்ந்தேன். கடைசி பெஞ்சில் ஒருத்தி இருக்கிறாள். யார் எது கேட்டாலும் எரிந்து விழுவாள், ஸ்டாஃப் ரூமில் அவளுக்குப் பெயரே "கடுகடு". அவள் எழுந்தாள்.

"இதுக்கு விடைக்குறிப்பு இல்லையா டீச்சர்?"

"இல்ல."

"அப்ப என்ன வேணா சொல்லலாமா?"

"சொல்லு."

"அந்தம்மா பண்ணது தப்பு. கிணத்தை மூடினவன் குதிரையில போயிட்டான். அவன்கிட்ட வாயைத் திறக்கல. கையில சிக்குன பாட்டுக்காரனைப் போட்டுத் திட்டுறாங்க. எங்க வீட்டுலயும் இப்படித்தான். கோபம் யார் மேலயோ, வாங்கறது நான்."

முன்பெஞ்சிலிருந்து ஒருத்தி திரும்பினாள். "லூசு மாதிரி பேசாத. பாட்டுக்காரன் பாடலைன்னா அவன் பெரிய வீரன்னு யாருக்குடி தெரியும்? இவனைத்தான் முதல்ல திட்டணும்."

பிறகு என்னை யாரும் கண்டுகொள்ளவில்லை. வகுப்பே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. "நீ ஒரு தடவை சரியாச் சொல்லு, அந்த வரியில 'குடி'ன்னுதான் இருக்கா?" என்று ஒருத்தி கேட்க, நான் மறுபடி பாட்டைச் சொல்ல வேண்டியதாயிற்று. மணி அடித்தும் நிற்கவில்லை. அடுத்த பீரியட்டுக்கு வந்த கணக்கு வாத்தியார் சாக்பீஸ் பெட்டியோடு வாசலில் நின்றார். நான் வெளியே வரவில்லை.

டிசம்பரில் வாருங்கள். உன் சிவப்புப் பேனாக்காரரையும் கூட்டிக்கொண்டு வா.

அக்கா

டிசம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். எனக்குத்தான் கொஞ்ச நாளாகத் தூக்கம் சரியில்லை. உன் கடிதத்தை இந்த வீட்டில் எல்லோரும் படித்துவிட்டார்கள். பெரியவளும் படித்தாள். பிறகு, "எங்களுக்கு ஏன் இப்படி நடத்தல?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பதில் நீதான் சொல்ல வேண்டும்.

நாங்கள் வரவில்லை அக்கா. தலைவர் பயணத்தை ரத்து செய்துவிட்டார். "பார்த்து என்ன ஆகப்போகுது? அடுத்த பதிப்புல எப்படியும் பக்கத்தைக் குறைக்கணும், அந்தக் கடைசி ரெண்டு பக்கம் போகட்டும்" என்கிறார். ஜனவரி கூட்டத்தில் முடிவாகும். இந்தத் தடவை பக்கத்தையும் என்னால் காப்பாற்ற முடியும் என்று தோன்றவில்லை.

எனக்கு ஏதாவது கொடு. கூட்டத்தில் படிப்பதற்கு ஏதாவது. பீரியடை விட்டுவிடாதே.

தம்பி

டிசம்பர் 20

அன்புள்ள தம்பிக்கு,

நலம் என்று எழுத வழக்கம். எழுதிவிட்டேன். நீ தூங்கு; மாத்திரை எதுவும் போட்டுக்கொள்ளாதே.

குழு வரவில்லை என்று தெரிந்த அன்றைக்கே சுற்றறிக்கைக்குச் சுற்றறிக்கை கிடைத்துவிட்டது. "இனி புதன் மூணு கணக்குக்கே இருக்கட்டும் டீச்சர்." நான் கத்தினேன். அவரும் கத்தினார். எனக்கு மெமோ வந்திருக்கிறது. மேலதிகாரியிடம் மரியாதைக் குறைவு என்று போட்டிருக்கிறார்கள். உண்மைதான், குறைவாகத்தான் காட்டினேன். இன்னும் காட்டியிருக்க வேண்டும்.

போன புதன்கிழமை கணக்கு வாத்தியார் வகுப்புக்குப் போனவர் கால்மணி நேரத்தில் ஸ்டாஃப் ரூமுக்குத் திரும்பி வந்தார். முகம் சிவந்திருந்தது. "என்ன டீச்சர் இது? ஒருத்தியும் கணக்கு நோட்டை எடுக்க மாட்டேங்கிறா. நாலாவது பாட்டு பாக்கி இருக்காம். அந்தக் கடுகடு எந்திரிச்சு நின்னுக்கிட்டு உட்கார மாட்டேங்குது. நீங்களே வந்து சொல்லுங்க."

சொல்லத்தான் போனேன். உட்காருங்கள், கணக்கும் முக்கியம், பரீட்சை வருகிறது என்று சொல்லுவதற்காகத்தான் போனேன். இத்தனை வருஷமாக அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன், வாய்க்குப் பாடமாகிவிட்டது. அந்தப் பெண் என்னைப் பேசவிடவில்லை. கண்ணில் தண்ணீர் நிற்கிறது, குரலில் மட்டும் அதே எரிச்சல்.

"எல்லாத்துக்கும் மார்க் போடுறீங்க டீச்சர். வாயைத் திறந்தா மார்க், திறக்கலைன்னா மார்க். தப்பாச் சொன்னாலும் ஒண்ணும் போகாதுங்கிறது இந்த ஒரு பீரியட்தான். இதை மட்டும் ஏன் பிடுங்குறீங்க?"

அவள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். இதை உனக்கு எழுத எனக்குத் துளியும் இஷ்டமில்லை. பரீட்சையிலிருந்து எடுத்தவன் யார் என்று ஜூன் மாதம் உன் சட்டையைப் பிடித்தவள் நான். எடுத்ததனால்தான் அவளுக்கு அது பிடித்திருக்கிறது. நீ சிரித்துக்கொள். ஆனால் உன் திட்டம் ஜெயித்துவிட்டது என்று நினைத்துவிடாதே. அந்தப் பீரியடை நான் சண்டை போட்டு வாங்கியிராவிட்டால் உன் இரண்டு பக்கத்தை இங்கே ஒரு பிள்ளையும் திறந்திருக்காது.

நான்காவது பாட்டை நின்றபடியே சொல்லிக்கொடுத்தேன். கணக்கு வாத்தியார் வெளியே போகவில்லை; பின்னால் உட்கார்ந்து கேட்டார்.

கூட்டத்தில் படிக்க ஏதாவது கேட்டாயே, அவள் சொன்னதைப் படி. ஒரு வார்த்தை மாற்றாமல் படி.

பெரியவள் கேட்டதற்கு அவளிடமே பதில் சொல்லிக்கொள்கிறேன். நேரில்தான் சொல்ல முடியும்.

அக்கா

ஜனவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும். மெமோவுக்கு நீ எழுதிய விளக்கத்தைப் பெரியவள் போனில் படித்துக் காட்டினாள். அதற்கு இன்னொரு மெமோ நிச்சயம்.

கூட்டம் முடிந்து நேராக இங்கே வந்து உட்கார்ந்து எழுதுகிறேன். சட்டைகூட மாற்றவில்லை.

படித்தேன் அக்கா. எழுந்து நின்று, அந்தப் பெண் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் படித்தேன். வகுப்பில் நடந்த சண்டையையும் சேர்த்துப் படித்தேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சரி, பக்கம் பிழைத்தது என்று நினைத்தேன். மனிதருக்கு உண்மையாகவே மனம் இளகியிருந்தது.

"அடடா! பிள்ளைங்களுக்கு இவ்வளவு பிடிச்சிருக்கா? நமக்குத் தெரியாமப் போச்சே. அப்ப பரீட்சையிலயே சேர்த்துடலாம்" என்றார்.

எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். ஒருவர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். நான் குறுக்கே பேசினேன். யாருக்கும் காதில் ஏறவில்லை. நான் கேட்டதைவிட அதிகமாகவே கொடுத்துவிட்டார்களாம். அடுத்த வருஷப் புத்தகத்தில் நான்கு பாட்டும் முதல் பகுதிக்கு வருகின்றன. வினாவையும் அங்கேயே தயார் செய்துவிட்டார்கள்: "கிணற்றை இழந்தவள் பாடகனைக் கடிந்துகொண்டது சரியா? காரணம் தருக. நான்கு மதிப்பெண்." சரியா தவறா எது விடை என்று கொஞ்ச நேரம் விவாதம் நடந்தது. கடைசியில் கை தூக்கச் சொன்னார்கள். "சரி" என்பதற்கு ஒரு கை கூடுதல். அதுதான் விடை. தவறு என்று எழுதுகிற பிள்ளைக்குப் பூஜ்யம்.

விடைக்குறிப்பை எழுதச் சொல்லி என் பக்கம் தாளைத் தள்ளினார்கள். எழுத மாட்டேன் என்றேன். கத்தினேன் அக்கா, உன்னைப் போலவே கத்தினேன். ஒருவரும் கோபப்படவில்லை. பக்கத்தில் இருந்தவர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார்.

இதை அந்தப் பெண்ணிடம் நீ சொல்ல வேண்டாம். கூட்டத்தில் அவள் வார்த்தையைப் படித்தவன் நான். லீவு போட்டுவிட்டேன், புதன்கிழமை வருகிறேன். கணக்கு வாத்தியாரிடம் சொல்லிக் கால்மணி நேரம் வாங்கி வை. வகுப்பில் நின்று நானே சொல்கிறேன். அவள் எழுந்து என்னைத் திட்டுவாள். எவ்வளவு திட்டினாலும் நீ குறுக்கே வந்து அவளை உட்காரச் சொல்லாதே.

உன் தம்பி